தறிச்சத்தமும் தாளப்பெட்டியும்

சாமளாபுரத்தில் இரவில் விசைத்தறிச் சத்தம் நின்றால்தான் நமக்குத் தூக்கம் கலையும். மின்சாரம் போய்விட்டது, அன்றைய கூலியில் துண்டு விழப்போகிறது என்று அதற்குப் பொருள். அந்தச் சத்தத்தினூடேதான் 1992இல் 'ரோஜா' ஒலிநாடாவைக் கேட்டோம். நாம் அப்போது பள்ளி மாணவர். திருவிழாக் கச்சேரிகளில் வாடகைக் கீபோர்டு வாசித்துவந்த நம் மாமன் மகன், "இதுல எத்தனை பேரு வாசிக்கறாங்கன்னே தெரியலையே மாப்ள" என்றார்.

அக்கேள்விக்கான விடையை நாம் வெகுகாலம் கழித்தே அறிந்தோம். திலீப் குமார் என்ற சிறுவன் 1976இல் தந்தை ஆர்.கே. சேகரை இழந்தபோது அவனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பின்னர் அவன் இளையராஜா முதலியோரின் ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசித்தான். சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா ஆகியோருடன் 'ரூட்ஸ்' என்ற குழு. சென்னையிலேயே 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழு. இன்று இப்பெயர்களை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

1983இல் வந்த மிடி என்னும் பொது ஏற்பாடு, ஒரு நிறுவனத்தின் கீபோர்டைக் கொண்டு மற்றொரு நிறுவனத்தின் தாளப்பெட்டியை இயக்க வழிசெய்தது. ஜக்கார்டு தறியின் துளையட்டை பூவேலையை நினைவில் வைத்திருப்பதுபோல, சீக்வென்சர் சுரவரிசையை வைத்திருந்து வேண்டும்போது வாசித்துக்காட்டும். 1989இல் ரஹ்மான் தம் வீட்டை ஒட்டிப் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' கூடத்தை அமைத்தார். ஒரு குழுவின் வேலையை ஓர் அறையில் ஒருவரே செய்துவிட முடிந்தது.

ஆயினும் அந்த அறைக்குள் தோழர்கள் வந்தார்கள். 1993இல் 'ஜென்டில்மேன்' படத்தின் 'சிக்குபுக்கு ரயிலே' பாடலில் ஒலித்தது சுரேஷ் பீட்டர்ஸின் குரல். 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடலில் தேனி குஞ்சரம்மாளோடும் சாகுல் ஹமீதோடும் அதே குரல்.

நம் ஊர்க் குழுவின் கதை வேறு. அதன் வரவுசெலவுக் கணக்கை எழுதியவர் நாம். புதிதாக எடுத்த கீபோர்டில் தாளமும் சேர்ந்தே வந்தது. "பொத்தானை அமுக்கினா அதுவே தாளம் போடுது, தபேலாக்காரருக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கணக்குப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டோம். அடுத்த திருவிழாவுக்கு அவரை அழைக்கவில்லை. அன்று மேடையில் பாடகர் ஓரிடத்தில் தடுமாறினார். தபேலாக்காரர் இருந்திருந்தால் சற்று நிறுத்தி அவரைச் சேர்த்துக்கொண்டு போயிருப்பார். பெட்டி நிற்கவில்லை. அவ்வாண்டே குழு கலைந்தது. மாமன் மகன் கீபோர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கட்டிங் வேலைக்குப் போனார்.

சென்ற மாதம் அவரிடம் 'ரூட்ஸ்' குழுவைப் பற்றிச் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்தவர், "அவரு கூட்டாளிகள விட்டுடல. நாமதான் விட்டுட்டோம்" என்றார்.

அந்த 'நாம' அவருடைய பெருந்தன்மை. அன்று கணக்குப் புத்தகத்தை நீட்டிய கை நம்முடையது.