பாடசாலைக்கு எந்தக் கெமரா? சின்னக் கெமராவின் நல்லதும் கெட்டதும்

 

பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஓடும் பேச்சு எல்லோருக்கும் தெரியும். பாடசாலைக்குக் கெமரா வாங்கித் தருவதா, தந்தால் எது? ஒரு சாரார், "கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் வைத்திருப்பது போல பெரிய டி.எஸ்.எல்.ஆர். எடுத்தால்தான் பெறுமதி" என்கிறார்கள். மற்றவர்கள், "எல்லார் கையிலும் போன் இருக்கிறது, கெமரா வீண்செலவு" என்கிறார்கள்.

ஊடகக் கழகத்துக்குப் பொறுப்பாக இருக்கும் நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் மூன்று வருடமாக ஒரு சின்னக் கெமராவைத்தான் பாவிக்கிறோம். கட்டாரிலிருந்து லீவில் வந்த பழைய மாணவர் ஒருவர் தந்துவிட்டுப் போனது. சோனி ஆர்.எக்ஸ். 100, முதலாவது மொடல். கூட்டத்தில் முடிவெடுக்க முன்னர் அதன் நல்லது கெட்டதைச் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கெமரா 2012இல் வந்தது. அப்போதைய விலை 649 டொலர். அந்தக் காசுக்கு ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை லென்ஸோடு வாங்கியிருக்கலாம். பிறகு ஏன் சட்டைப்பைக்குள் போகிற சாமானுக்கு இவ்வளவு? காரணம் உள்ளே இருக்கும் சென்சர். சாதாரணச் சின்னக் கெமராக்களில் அது 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். இதில் 13.2க்கு 8.8. பரப்பளவில் நான்கு மடங்கு. அவ்வளவு கூடுதலான வெளிச்சத்தை வாங்கும்.

டி.எஸ்.எல்.ஆர். சென்சர் இதைவிட மூன்று மடங்கு பெரியது, உண்மைதான். ஆனால் அதோடு வரும் சாதாரண லென்ஸின் வாய் ஆகக்கூடியது எஃப் 3.5 வரை திறக்கும். இந்தச் சின்னதின் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெளிச்சம் கூட. ஆகவே ஸூம் பண்ணாமல், கிட்ட நின்று எடுக்கும்போது இரண்டும் ஏறக்குறைய சமம். பெட்டரியோடு இதன் எடை 240 கிராம்தான்.

எங்கள் மண்டபத்தை நீங்கள் அறிவீர்கள். இரண்டு டியூப் லைட், பாதி ஜன்னல் மூடி. பரிசளிப்பு விழாவில் பெற்றோர் போனில் எடுத்த படங்களில் பிள்ளைகளின் முகம் மெழுகு பூசியது போல இருக்கும். சின்னக் கெமராவில் பிளாஷ் இல்லாமலே கண்ணும் சிரிப்பும் தெளிவாக விழுகிறது. பிளாஷ் தேவைப்பட்டாலும் அதை விரலால் பின்னுக்குச் சாய்த்து மேற்கூரைக்கு அடிக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை மேடையில் தன் அப்பாவோடு நின்ற படத்தை இப்படித்தான் எடுத்தோம். அடுத்த வருடம் அப்பா காலமாகிவிட்டார். அம்மா பாடசாலைக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக அடித்துத் தரக் கேட்டார். மகளோடு அவர் நிற்கும் படம் வீட்டில் வேறு இல்லை. பாடசாலைக்குக் கெமரா ஆடம்பரம் என்பவர்களுக்கு எங்களிடம் உள்ள பதில் இதுதான்.

இன்னொரு நன்மை, யாரும் விறைத்துப்போவதில்லை. பெரிய கெமராவைத் தூக்கினால் பிள்ளைகள் சிலை மாதிரி நிற்பார்கள். புதுருவகலைக்குச் சுற்றுலா போனபோது ஒன்பதாம் தரப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தோம். 51 அடி புத்தர் சிலை முழுவதையும் அவர்களே பிரேமுக்குள் அடக்கினார்கள். கடைசி வாங்குப் பிள்ளையும் பயமில்லாமல் கையில் எடுக்க வேண்டும். கற்பித்தல் சாதனம் என்றால் அதுதானே?

இனிக் குறைகள்.

முதலாவது தூரம். ஸூம் 28இலிருந்து 100 மில்லிமீற்றர் வரைதான். கடைசிவரை இழுத்தால் லென்ஸ் எஃப் 4.9க்குச் சுருங்கி, வெளிச்சம் ஏழில் ஒன்றாகிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டியில் மைதானத்தின் அந்தப் பக்கம் ஓடும் பிள்ளை எறும்பு மாதிரித்தான் தெரியும்.

இரண்டாவது, லென்ஸைக் கழற்ற முடியாது. உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் எல்லாவற்றுக்குமே தூசுதான் எதிரி. எங்கள் பக்கம் வெயில் காலத்தில் பறக்கும் தூசு பற்றிச் சொல்லத் தேவையில்லை. உள்ளே போனால் நாமாகத் துடைக்கவும் ஏலாது.

மூன்றாவது, ஒரு சார்ஜுக்கு ஏறத்தாழ 330 படம். பெட்டரியைக் கெமராவுக்குள் வைத்தே சார்ஜ் பண்ண வேண்டும். மேலதிக பெட்டரியும் தனிச் சாஜரும் கட்டாயம். இந்த மொடலில் வைஃபை இல்லை, மைக் சொருக இடமில்லை. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாததால் நண்பகல் வெயிலில் திரையைப் பார்ப்பது பெரும்பாடு.

நான்காவது, சத்தமே வராது. எடுத்தது யாருக்கும் தெரியாது. இதை நாங்கள் பெரிய குறையாகவே பார்க்கிறோம். படம் பிடிபட விரும்பாத தாய்மார் நம் சமூகத்தில் இருக்கிறார்கள், தோட்டத்திலும் இருக்கிறார்கள். கேட்காமல் எடுப்பதில்லை, வீட்டாரின் சம்மதமின்றி முகநூலில் போடுவதில்லை என்பது கழகத்தின் விதி. எந்தக் கெமரா வந்தாலும் அது மாறாது.

ஆகவே எங்கள் அபிப்பிராயம் இது. புதியது வேண்டாம். 2019இல் வந்த ஏழாவது மொடல் 200 மில்லிமீற்றர் வரை இழுக்கும், மைக்கும் சொருகலாம். ஆனால் அது வந்தபோதே விலை 1,200 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 3,60,000 ரூபாய். அது நமக்குத் தாங்காது. 2014இல் வந்த மூன்றாவது மொடலைப் பாவித்ததாகப் பார்க்கலாம். வியூஃபைண்டரும் வைஃபையும் உண்டு. ஸூம் 70 வரைதான், ஆனால் கடைசியிலும் எஃப் 2.8. மண்டபத்துக்கு அதுவே பொருத்தம். விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் ஒரு நாள் ஸ்டூடியோக்காரரைப் பிடிப்போம்.

பாவித்தது வாங்குகிறவர் எஃப் 11இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்க்கட்டும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசு. ஸூம் இழுக்கும்போது கரகர என்றாலும் வேண்டாம்.

மிஞ்சும் காசைப் படம் பிரிண்ட் அடிக்க ஒதுக்குங்கள். போனோடு போன படங்கள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். வருட முடிவில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு படமாவது இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களே, அலுமாரியில் இப்படி ஒன்று சும்மா கிடந்தால் அறிவியுங்கள்.