காற்றுக்குக் காவல்

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் உள்ள அந்த டயர் கடையில் மூத்த தொழிலாளி முதலில் பார்த்தது வால்வை. நட்டு போட்டு முடுக்கிய அலுமினிய வால்வு என்றால் பெரும்பாலும் உள்ளே காற்றழுத்த சென்சார் இருக்கும். “ரப்பர் வால்வா இருந்தாலும் நம்ப முடியாதுங்க. டேஷ்போர்டைப் பார்த்துட்டுத்தான் கை வைப்பேன்” என்றார்.

வந்திருந்த காரில் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டு, அப்படியே எரிந்தது. மினுக்காமல் எரிந்தால் காற்றுக் குறைவு. மினுக்கிவிட்டு எரிந்தால் சென்சாரிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. கைக்கருவியை ஒவ்வொரு வால்வருகிலும் பிடித்தார். மூன்று சக்கரங்கள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சொல்லின. பின்பக்க வலது சக்கரம் பேசவில்லை. ஐந்து முதல் பத்து ஆண்டு வரை உழைக்கும் பேட்டரியை பிசின் ஊற்றி உள்ளேயே மூடியிருப்பதால், தீர்ந்தால் முழு சென்சாரையும் மாற்ற வேண்டியதுதான்.

டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் இடத்தில்தான் வேலையின் நுட்பம் முழுக்க இருக்கிறது. அமுக்கும் தகடு வால்வுக்கு நேராக இறங்கினால், தீப்பெட்டி அளவேயுள்ள அந்தப் பெட்டி நொறுங்கிவிடும். அவர் சக்கரத்தைத் திருப்பி, வால்வைத் தகட்டிலிருந்து தள்ளி வைத்தார். “ஒடஞ்சா எங்க தலையிலதாங்க விழும்.” அவசரப்படுத்தும் வாடிக்கையாளர்கள் அறியாத பாரம் அது.

கழற்றிய பழைய சென்சாரின் மேல் எட்டு எழுத்து அடையாள எண் அச்சாகியிருந்தது. துணியால் துடைத்து அவர் வாசிக்க, உதவியாளப் பையன் கருவியில் தட்டினான். வெற்று சென்சாரில் அதே எண் பதிந்தது. எண் மாறாததால் காருக்குப் புதிதாக எதுவும் கற்பிக்கத் தேவையில்லை. வேறு எண் என்றால் ஸ்கேனர் போட்டு காரின் கணினியில் ஏற்ற வேண்டும். சில கார்கள் ஓடும்போது தாமே கண்டுகொள்ளும். நட்டை டார்க் ரெஞ்சால் அளந்து முடுக்கினார். வாஷரும் நட்டும் புதிது. உள்ளே இருக்கும் சின்ன வால்வு ஊசியும் நிக்கல் பூசியதுதான். வெறும் பித்தளை போட்டால் அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து, கழற்ற வராது.

அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்த பிறகு, 2000-இல் வந்த சட்டம்தான் இந்தச் சென்சாரைப் பரவலாக்கியது. நம் நாட்டில் 2020 விதித் திருத்தத்தின்படி, ட்யூப்லெஸ் டயரும் பழுதுநீக்கும் கிட்டும் இந்தச் சென்சாரும் உள்ள கார் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். ஸ்டெப்னி இல்லாத காரில் இந்த விளக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை டயர் மாற்றப் போகும்போது, “உள்ளே சென்சார் இருக்கிறது” என்று ஜாக்கி போடுமுன்பே சொல்லிவிடுங்கள். வேலை செய்பவருக்குக் கொஞ்சம் நேரமும் கொடுங்கள்.