மாப்பிள்ளை கொண்டுவந்த செர்ரிக் காப்பி

எங்க அப்பா செர்ரிக் காப்பியை அடுப்படிக்குள்ளேயே விடமாட்டார். நல்ல பழத்தையெல்லாம் பல்ப்பர்ல போட்டு, தோல் உரிச்சு, ஊறவச்சுக் கழுவி, பார்ச்மென்ட்டா காயப்போடுவோம். கடைசி எடுப்புல வர்ற பச்சை, கருப்பு, கீழே உதிர்ந்தது, செடியிலேயே வத்தினது, இதையெல்லாம் தோலோட களத்துல கொட்டிக் காயவச்சா அதுக்குப் பேர் செர்ரி. "அது யாவாரிக்குப்பா, நமக்கில்ல" என்பார். ஐம்பது வயசு வரைக்கும் நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் எத்தியோப்பியாவுல டில்லாங்கிற ஊர்ல நாலு வருஷம் காலேஜ் வாத்தியாரா இருந்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தண்டிக்குடி பக்கம் எங்க தோட்டத்துக்கு வந்தப்ப, அங்கிருந்து கால் கிலோ பாக்கெட் ரெண்டு கொண்டுவந்தார். வறுத்த கொட்டை. ஆனா நம்ம கடைக் கொட்டை மாதிரி கருப்பா எண்ணெய் மினுங்கலை, பட்டை நிறத்துல இருந்துச்சு. "மச்சான், இது தோலோட காயவச்சது"ன்னார்.

"செர்ரியையா பிளேன்ல ஏத்திக்கிட்டு வந்தீங்க மாப்ளே?"ன்னு கேட்டுட்டேன். அவர் முகம் சுருங்கிப்போச்சு.

அன்னிக்கு என் வீட்டுக்காரி அதை வழக்கம்போல பித்தளை ஃபில்டர்ல போட்டு, திக்கா டிகாஷன் இறக்கி, பால் ஊத்தினா. ஒரு வாய் வச்சதும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பால் திரிஞ்ச மாதிரி ஒரு புளிப்பு. டம்ளர் அப்படியே வாழை மூட்டுக்குப் போயிருச்சு.

மறுநாள் காலையில மாப்பிள்ளை அடுப்படியை அவரே பிடிச்சுக்கிட்டார். கொட்டையை ரவைப் பதத்துக்கு அரைச்சார். தராசுல 15 கிராம். தண்ணி 240 மில்லி, தளதளன்னு கொதிக்கவிட்டு இறக்கி அரை நிமிஷம் ஆறப்போட்டார். பேப்பர் ஃபில்டருக்கு எங்க போறது? புனல்ல துவைச்ச வெள்ளைத் துணியை விரிச்சு, தூளைப் போட்டு, முதல்ல கொஞ்சமா தண்ணி ஊத்தி நனைச்சார். தூள் புசுபுசுன்னு பொங்குச்சு. அது அடங்கினதும் மிச்சத் தண்ணியை வட்டம் வட்டமா, அவசரப்படாம ஊத்தினார். மூணு நிமிஷத்துல இறங்கிருச்சு. பாலும் கிடையாது, சீனியும் கிடையாது.

பார்க்க டீ மாதிரி இருந்துச்சு. சூடா குடிச்சப்ப பெருசா ஒண்ணும் தெரியலை. "ஆறட்டும் மச்சான்"னார். சூடு குறையக் குறைய ஒரு வாசம் வந்துச்சு பாருங்க. நல்லாப் பழுத்த நாவப்பழத்தை வாயில ஒதுக்கி வச்சிருந்தா வருமே, அது. நாக்கோரத்துல இனிப்பு. முந்தின நாள் துப்பின அதே புளிப்பு இப்ப எலுமிச்சை மாதிரி சுத்தமா இருந்துச்சு. முப்பது வருஷமா காப்பி விளைய வைக்கிறேன், காப்பிங்கிறது ஒரு பழத்தோட விதைன்னு என் நாக்குக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

பாக்கெட்ல யிர்காசெஃபேன்னு ஊர் பேர் போட்டிருந்தது. டில்லாவுக்குத் தெற்கே இருக்கு, கெடியோ மக்களோட சீமை. அங்க பெரிய எஸ்டேட் அதிகம் கிடையாதாம். வீட்டைச் சுத்தி அரை ஏக்கர், ஒரு ஏக்கர்ல, நிழல் மரத்துக்குக் கீழே காப்பி. கூடவே வாழை மாதிரியே ஒரு செடி, என்செட்னு பேர். பழத்துக்காக வளர்க்கிறதில்லை, தண்டையும் கிழங்கையும் சுரண்டிப் புளிக்கவச்சு ரொட்டி சுடுவாங்க. 2023-ல யுனெஸ்கோ இந்த நிலத்தை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. மாப்பிள்ளை போன்ல காட்டின போட்டோவைப் பார்த்தா எங்க மலைவாழைத் தோட்டத்துக்கும் அதுக்கும் தூரத்துல வித்தியாசமே தெரியலை.

ஊர் பேர் போட்டு விக்கிறதும் அங்க லேசுல வந்ததில்லை. 2008-ல அரசாங்கம் பண்டச் சந்தை ஒண்ணு ஆரம்பிச்சு, காப்பியெல்லாம் அது வழியாவே போகணும்னு ஆச்சு. வட்டாரம், தரம் பார்த்து மூட்டைகளைச் சேர்த்துட்டாங்க, எந்த ஊர்க் காப்பி எங்க போச்சுன்னே தெரியாமப் போச்சு. 2017-லதான் விதியைத் தளர்த்தினாங்க. யாவாரி கிட்டங்கியில என் மூட்டை இறங்கின நிமிஷமே அது யாரோடதும் இல்லாமப் போறதைப் பார்த்துக்கிட்டே இருக்கிறவன் நான். எனக்கு இது ஒண்ணும் ஆப்பிரிக்காச் சேதியாத் தெரியலை.

அங்க இருந்த வீட்டுக்கார அம்மா காப்பி போடுறதை மாப்பிள்ளை அரை மணி நேரம் சொன்னார். தரையில பசும்புல் விரிச்சு, பச்சைக் கொட்டையைக் கழுவி ஓட்டுல வறுத்து, அந்தப் புகையை வந்தவங்க மூக்குக்கு முன்னாடி காட்டிட்டுப் போவாங்களாம். உரல்ல இடிச்சு, ஜெபெனாங்கிற நீட்டுக் கழுத்து மண்பானையில கொதிக்க வச்சு, பிடி இல்லாத சின்னக் கிண்ணத்துல மூணு சுத்து. அபோல், தோனா, பரக்கா. மூணாவது ஆசீர்வாதம், அது முடியாம எழுந்திரிச்சா மரியாதை இல்லை.

சரி, நம்மகிட்ட இல்லாதது அங்க என்ன இருக்கு? முதல்ல, அவங்க மிச்சம் மீதியைக் காயப்போடலை. நல்ல சிவப்புப் பழமாப் பார்த்து எடுத்து, தண்ணியில மிதக்கிறதைத் தள்ளிட்டு, இடுப்பு உயரத்துல வலைக்கட்டில் போட்டு, ஒத்தை அடுக்காப் பரப்புறாங்க. கீழேயும் காத்து, மேலேயும் காத்து. நாள் முழுக்கக் கையால புரட்டிவிட்டு, சொத்தை பொறுக்கி, உச்சி வெயில்லயும் ராத்திரியிலும் மூடி வச்சு, மூணு வாரம் வரைக்கும் ஆகுமாம். கொட்டையில ஈரம் 11, 12 சதம் வரணும். அத்தனை நாளும் கொட்டை பழத்துக்குள்ளேயே கிடக்குது. நாவப்பழம் அங்கிருந்துதான் வந்திருக்கு.

எங்க தோட்டத்து மேற்கு ஓரத்துல செலக்‌ஷன் 9 செடி கொஞ்சம் நிக்குது. அதோட பெத்தவங்கள்ல ஒண்ணு டஃபாரிகேலாங்கிற எத்தியோப்பியா ரகம். அந்தத் தெம்புல போன கார்த்திகையில 120 கிலோ பழம், எல்லாம் நல்ல சிவப்பு, தனியா எடுத்தேன். சவுக்குக் கம்பு, நிழல்வலை, நாலு கட்டில். "பார்ச்மென்ட் ஆக வேண்டிய பழத்தை இப்படிப் பாழாக்குறீங்களே"ன்னு வீட்டுக்காரி புலம்பினா.

அவ சொன்னதுதான் நடந்துச்சு. அஞ்சாம் நாள் மழை பிடிச்சது. ஒரு வாரம் சூரியனையே பார்க்கலை. தார்ப்பாய் மூடினா உள்ளே வேர்க்குது, எடுத்தா சாரல். எட்டாம் நாள் திறந்து பார்த்தா வெள்ளை வெள்ளையாப் பூசணம். 80 கிலோவைக் குப்பைக்குழியில கொட்டினேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டா, அங்க பழம் எடுக்கிற கார்த்திகை, மார்கழி வெயில் மாசம்ங்கிறார்! அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். நமக்கு அப்பத்தான் வடகிழக்குப் பருவமழை. பழம் கையில வர்ற நேரமும் மழையும் இங்க ஒண்ணாவே வருது.

மிச்சம் 40 கிலோவை விறகு அடுக்கிற பரண்ல ஏத்தி, காத்தாடி போட்டுக் காப்பாத்தினேன். தோல் நீக்கினா ஆறு கிலோ சொச்சம். இந்தத் தடவை தை மாசக் கடைசி எடுப்புல, வெயில் நின்னதுக்கப்புறம் 50 கிலோ மட்டும் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் செடியில பழம் தாங்கணும், பறிக்க ஆளும் கிடைக்கணும்.

அந்த ஆறு கிலோவுல கொஞ்சம் இரும்புச் சட்டியில வறுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழிச்சுப் பேசினார். "நாவப்பழம் இல்ல மச்சான். ஆனா ஆறினப்புறம் லேசா பலாச்சுளை வாசம் வருது. அடியில கொஞ்சம் விறகுப் புகையும் இருக்கு."

வீட்டுக்காரியும் ஒரு டம்ளர் குடிச்சுப் பார்த்தா. ஒண்ணும் சொல்லலை. பாதியில எழுந்து போய்ப் பால் ஊத்திக்கிட்டு வந்தா.