பதிவு இல்லை

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருக்கிறார்கள். 9-ஆம் வளைவு என்றால், ஆழியாறு அணை கீழே விரிந்து தெரியும் 'லோம்ஸ் வியூ' என்று எங்கள் ஊர்ச் சிறுவரும் சொல்லிவிடுவர். எஸ்டேட்டுக்குள் நுழைந்துவிட்டாலோ இந்தத் தெளிவு போய்விடும். 'மேல் பாடி', 'கீழ் பாடி', 'பழைய ஸ்டோருக்கு அடுத்த லயன்' என்பவையே அங்கு முகவரிகள். எதற்கு மேல், எந்த ஸ்டோர் பழையது என்பதெல்லாம் அங்கேயே நின்றுகொண்டிருப்பவருக்குத்தான் விளங்கும். கணினிக்கும் இவ்விரு வகையாக வழி சொல்லலாம். கணினித் தொழிலையே பிழைப்பாகக் கொண்ட நான் இதைப் பாடமாக எப்போதோ படித்தவன்தான். ஆனால், ஒரு பெண்ணை வீணாக மலையேற வைத்த பிறகே அது எனக்கு உறைத்தது.

அவர் எங்கள் மலையில் பிறந்தவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மலையை விட்டு இறங்கியவர்கள் பலர். 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95 ஆயிரமாக இருந்த வால்பாறை, 2011-இல் ஏறத்தாழ 71 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. அவர் படித்த எஸ்டேட் பள்ளியும் பிள்ளைகள் குறைந்து மூடப்பட்டு, அதன் பதிவேடுகள் வேறொரு பள்ளியின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவருடைய வருங்கால வைப்புநிதிக் கணக்கில் பிறந்த ஆண்டு ஐந்தாண்டு முன்தள்ளிப் பதிவாகிவிட்டது. திருத்துவதற்கு ஆதார் அட்டையை நீட்டியிருக்கிறார். பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை வைப்புநிதி நிறுவனம் 2024 ஜனவரியில்தான் நீக்கியிருந்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழ் கொண்டுவரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் அவரிடம் இல்லை.

2024 ஜூலையில், நல்ல மழையில், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பொள்ளாச்சியில் பேருந்து மாறி 65 கிலோமீட்டர் மலைச்சாலையையும் கடந்து அவர் அந்த அலுவலகத்துக்கு வந்தார். எழுத்தராக இருந்த இளம்பெண் ஆண்டையும் சேர்க்கை எண்ணையும் கணினியில் இட்டார். திரையில் வந்தது: 'பதிவு இல்லை.'

மறுநாள் வேறொரு வேலையாக நான் அங்கே சென்றபோது, அந்தச் சகோதரி மறுபடியும் வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முந்திய இரவு உறவினர் வீட்டில் தங்கினாராம். "அண்ணா, நீங்கதானே கம்ப்யூட்டர் பார்க்கிறவரு? நான் அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கவே இல்லைன்னு வருதாம். நாலாங் கிளாஸ் வரைக்கும் படிச்சேனுங்க. வாத்தியார் பேருகூடச் சொல்றேன்" என்றார். குரலில் கோபமில்லை. தான் படித்ததே பொய்யோ என்று தனக்கே சந்தேகம் வந்துவிட்டவரைப்போலப் பேசினார். அதுதான் என்னைத் தைத்தது.

ஏனெனில், 'பதிவு இல்லை' என்னும் அந்த இரு சொற்களை எழுதியவன் நானே.

பழைய பதிவேடுகளை ஒளிநகல் எடுத்துக் கணினியில் சேர்த்து, தேடுவதற்கு ஒரு சிறிய வலைத்தளம் அமைத்துக் கொடுத்திருந்தேன். எங்கள் மழையில் காகிதம் நிலைப்பதில்லை. தென்னிந்தியாவிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. பூசணம் பிடித்து, இராமபாணப் பூச்சி துளைத்து, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நகல் எடுத்து முடிந்ததும் அவற்றைத் துணியில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். அதன்பின் கணினி சொன்னதே சாட்சியாயிற்று.

விண்டோஸில் இயங்கும் சர்வர் அது. படங்கள் 'டி' என்ற டிரைவில், மாற்றுச் சான்றிதழைக் குறிக்கும் 'டிசி' என்னும் ஃபோல்டரில், ஆண்டுவாரியாக இருந்தன. அந்த முழு வழியையும் என் நிரலில் அப்படியே எழுதி வைத்திருந்தேன். இது முதற்பிழை. டிரைவுக்கு இடும் எழுத்து மலைச்சாலை வளைவின் எண்ணைப்போல நிலையானதன்று. வட்டு ஒன்றை மாற்றினால் எழுத்தும் மாறிவிடக்கூடும். அவ்வாண்டு ஜனவரியில் பழைய கணினி பழுதாகிப் புதியது வந்தபோது, 'டி'யாக இருந்தது 'இ' ஆயிற்று. எழுத்தர் தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது கோவையில் இருந்தேன். "அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரியில் தெரிவதை அப்படியே நிரலில் எழுதிவிடம்மா" என்றேன். அவரும் அப்படியே எழுதினார். சொன்னதைப் பிசகாமல் செய்த அவர்மேல் குற்றம் இல்லை.

இங்கே சாய்கோட்டின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். விண்டோஸின் முன்னோடியான எம்.எஸ்.டாஸ் 1981-இல் வந்தபோது அதில் ஃபோல்டர் என்ற ஏற்பாடே இல்லை. முன்சாய்கோடு ( / ) கட்டளைகளோடு துணைக்குறிப்புகளைச் சேர்க்கப் பயன்பட்டது. 1983-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அறைக்குள் அறையாகக் கோப்புகளை வைக்கும் முறை வந்தது. யூனிக்ஸ் கணினிகள் அதற்கு முன்சாய்கோட்டையே வழங்கிவந்தன. டாஸிலோ அந்த இடம் முன்னமே பிடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே பின்சாய்கோட்டை ( \ ) எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சி என்னும் நிரல்மொழியிலும் அதன் வழிவந்த பல மொழிகளிலும் பின்சாய்கோட்டுக்கு வேறொரு வேலை இருந்தது. 'அடுத்து வரும் எழுத்தை எழுத்தாகக் கொள்ளாதே, கட்டளையாகக் கொள்' என்று சொல்வது அதன் பணி. ஒரு குறிக்கு இரு எசமானர். (ஜப்பானிய விண்டோஸில் இதே குறி யென் நாணயக் குறியாகத் தெரியும் என்பது வேறு வேடிக்கை.)

என் நிரல் பிஎச்பி மொழியில் ஆனது. அம்மொழியில் இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்கோட்டை அடுத்து 'டிசி'யின் முதல் ஆங்கில எழுத்து வருமானால், 'வரியில் சற்றுத் தள்ளிப் போ' என்று பொருள். நான் முன்பு முன்சாய்கோடு இட்டு எழுதியிருந்தேன்; விண்டோஸும் பிஎச்பியும் அதை ஏற்றுக்கொள்ளும். முகவரிப் பட்டையிலோ பின்சாய்கோடு இருந்தது. அதை அப்படியே எழுதியதும், ஃபோல்டரின் பெயரில் முதலெழுத்து மறைந்து அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் நின்றது.

அன்று, நிரல் தேடும் வழியைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். 'இ' என்ற எழுத்து, முக்காற்புள்ளி, பிறகு ஒரு நீண்ட இடைவெளி, அதற்கப்பால் 'சி' மட்டும். பார்த்தவுடனே விளங்கிவிட்டது. திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சேர்க்கை எண்ணை இட்டதும் பக்கம் வந்தது. மங்கிய நீல மையில் அவர் பெயர், தந்தை பெயர், 'தோட்டத் தொழிலாளி', பிறந்த தேதி. அந்தச் சகோதரி திரையருகே குனிந்து தன் தந்தையின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எழுத்து டீச்சரு எழுத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

சான்றிதழ் நகல் கையொப்பமாகி மாலைக்குள் கைக்கு வந்தது. கடைசிப் பேருந்துக்கு அவரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகே என் உண்மையான பிழையை எண்ணிப் பார்த்தேன். டிரைவின் எழுத்தும் சாய்கோடும் எந்தத் தொழில்காரனுக்கும் நேர்வதே. நான் வேறொன்று செய்திருந்தேன்.

விண்டோஸ் இவ்விஷயத்தில் மிக நேர்மையானது. கோப்பு கிடைக்காவிட்டால் பிழை எண் 2 என்று சொல்லும். கோப்புக்குச் செல்லும் வழியே கிடைக்காவிட்டால் பிழை எண் 3. எழுதப்பட்ட பெயரே முறைகெட்டிருந்தால் எண் 123. மூன்றும் வேறு வேறு செய்திகள். 'நான் தேடிய அறையில் அது இல்லை' என்பது ஒன்று. 'அந்த அறைக்கே என்னால் போக முடியவில்லை' என்பது மற்றொன்று. நானோ 'உண்டா, இல்லையா?' என்று மட்டும் கேட்கும்படி நிரலை எழுதி, 'உண்டு' என்ற விடை வராத எல்லா இடத்துக்கும் 'பதிவு இல்லை' என்ற ஒரே வாசகத்தை வைத்திருந்தேன். சுருக்கமாக, அழகாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். வழி தெரியாமல் பாதியில் திரும்பிய தபால்காரர், 'அப்படி ஒருவர் இவ்வூரிலேயே இல்லை' என்று உறையின்மேல் எழுதி அனுப்பினால் எப்படி இருக்கும்?

அன்றிரவே நிரலை மாற்றினேன். டிரைவின் எழுத்தை அடியோடு நீக்கிவிட்டு, நிரல் தான் இருக்கும் இடத்திலிருந்து வழியை எண்ணிச் செல்லுமாறு செய்தேன். இதற்கான வசதி பிஎச்பியில் 2009-இல் வந்த 5.3 பதிப்பு முதலே இருக்கிறது. நாளை முழு ஃபோல்டரையும் தூக்கி வேறு கணினியில் வைத்தாலும் வழி மாறாது. 'கீழ் பாடி' என்று சொல்வது போன்றதே இதுவும். ஆனால் எங்கே நின்றுகொண்டு சொல்கிறோம் என்பதும் கூடவே சொல்லப்படுகிறது. ஃபோல்டரைத் திறக்க முடியாவிட்டால் இனி, 'தேட இயலவில்லை. பதிவு இருக்கலாம். ஏட்டைப் பார்க்கவும்' என்று திரையில் வரும். பரண்மேல் இருந்த கட்டுகளையும் இறக்கி, உலர்ந்த பெட்டியில் வைக்கச் சொன்னேன்.

இன்னொன்று மிச்சமிருந்தது. சர்வர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் நாள், நேரத்தோடு குறித்து வைக்கும். ஜனவரி முதல் ஜூலை வரை அந்தக் குறிப்புகளைப் படித்தேன். கணினி மாறிய நாளுக்குப் பின் கேட்டவர் ஒவ்வொருவருக்கும் பொய்யே பதிலாகப் போயிருந்தது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப இட்டவற்றைக் கழித்துவிட்டால் ஏழு பேர். சிலர் எண்ணை ஒரே நாளில் மூன்று நான்கு தடவை இட்டிருந்தார்கள். தட்டச்சில் தவறோ என்று எழுத்தர் மறுபடி மறுபடி முயன்றிருக்க வேண்டும். எதிரே ஒருவர் நின்றுகொண்டு பார்த்திருப்பார்.

ஏழு பக்கங்களையும் அச்சிட்டோம். வருகைப் பதிவேட்டில் தொலைபேசி எண் எழுதியிருந்தவர்களுக்கு எழுத்தரும் நானும் மாறி மாறிப் பேசினோம். "எங்கள் பிழைங்க, உங்க பதிவு இருக்கு" என்றோம். ஒருவர் வேறு சான்று கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொண்டாராம். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர், "இப்ப வந்து சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிட்டார். அவர் கேட்டது நியாயமே.

ஆறு பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். ஏழாமவர் வருகைப் பதிவேட்டில் பெயரை மட்டும் எழுதியிருந்தார். பள்ளி ஏட்டில் அவருடைய முகவரியாக ஒரு டிவிஷனின் பெயரும் 'கீழ் பாடி' என்பதும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்த்தேன். அந்த வரிசை வீடுகளில் கூரை இல்லை; சுவர்களுக்குள் செடி முளைத்திருந்தது. மேல் பாடியில் இருந்த முதியவர் ஒருவர், அந்தக் குடும்பம் கேரளப் பக்கம் போயிற்று என்றார். அவர் மனைவி, இல்லை, பல்லடம் என்றார். அவருடைய பக்கத்தின் நகல் அலுவலக மேசையின் இழுப்பறையில், உறைக்குள் இருக்கிறது.