ஒரு கோடி மைலும் ஓர் ஊரும்

ரயில்வே குமாஸ்தாவின் உத்தியோகம் விசித்திரமானது. நாள் முழுவதும் பிறருடைய ஊர்களுக்குச் சீட்டு வழங்குவோம். எம் ஊருக்குச் செல்லவோ எமக்கு விடுப்பு வாய்ப்பது அரிது. அண்மையில் ஓரிரவு, பணி முடிந்து நாகபுரிக் குடியிருப்புக்குத் திரும்பியபின், 2009-இல் வெளிவந்த ‘அப் இன் தி ஏர்’ என்னும் அமெரிக்கப் படத்தைக் கண்டோம். ஜேசன் ரைட்மன் இயக்கத்தில் ஜார்ஜ் குளூனி நடித்தது. இருந்த இடத்திலிருந்தே அமெரிக்காவில் ஒரு சுற்றுப் பிரயாணம் செய்து வந்தோம் எனலாம்.

முதலில் காண்பது ஒமாகா. மிஸௌரி நதியின் மேற்குக் கரையில், நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள நகரம். ரயில்வேக்காரருக்கு இது க்ஷேத்திரம் போன்றது. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்து 1869-இல் நிறைவெய்திய இருப்புப்பாதையை, யூனியன் பசிபிக் கம்பெனியார் மேற்கு நோக்கி இடத் தொடங்கியது இங்கிருந்தே. அவர்களுடைய தலைமை அலுவலகமும் இங்கேதான் உள்ளது.

கதாநாயகர் ரயான் பிங்ஹாம் வசிப்பது இவ்வூரில். வசிப்பதென்பது பெயரளவிற்கே! ஓராண்டில் 322 நாட்கள் பிரயாணம். எஞ்சிய 43 நாட்களே வீடு. ஊழியரை நீக்கிவிட்டு, அதனை நேரில் சொல்ல நெஞ்சுரமில்லாத முதலாளிமாருக்காக ஊர் ஊராய்ப் பறந்து சென்று அச்செய்தியைக் கூறுவதே அவர் தொழில். விமானக் கணக்கில் 1 கோடி மைல் சேர்ப்பதே அவர் இலட்சியம்.

அவருடன் செயின்ட் லூயிஸ் சென்றோம். மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் சென்றோம். நகைச்சுவைப் படமெனினும் இங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது. வேலையிழந்தோராகத் தோன்றுவோரிற் பலர் நடிகரல்லர்; இவ்விரு நகரங்களிலும் மெய்யாகவே வேலையிழந்தவர்கள். தம்மைத் தாங்கி நிற்பது குடும்பமே என்று அவர்கள் கூறும்போது மனம் கரைகிறது.

பின்பு விஸ்கான்ஸினில் தங்கையின் திருமணம். மணமக்களின் அட்டைப் படத்தைப் பெட்டியில் செருகிக்கொண்டு, போகும் ஊர்களிலெல்லாம் அதை நிறுத்திப் புகைப்படம் எடுத்து வருகிறார் அண்ணன். மணமகளை மேடைக்கு அழைத்துச் செல்லத் தாம் முன்வரும்போதோ, அக்கடமை மாப்பிள்ளையின் சிற்றப்பாவிடம் முன்னரே ஒப்படைக்கப்பட்டதென அறிகிறார்.

இக்காட்சியில் எம் கண்கள் கலங்கின. ஆறாண்டுகளுக்கு முன் திருநெல்வேலியில் எம் தங்கைக்குத் திருமணம். “விடுப்பு இல்லை” என்று தொலைபேசியில் சொல்லிப் பணம் அனுப்பிவைத்தோம். வற்புறுத்திக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை என்பதே உண்மை. அவள் கையில் பொரி இட்டவர் பெரியப்பாவின் மகன். “அண்ணன் அனுப்பிய பணம் வந்தது” என்றாள் தங்கை. வேறொன்றும் கூறினாளில்லை.

பிங்ஹாமின் கணக்கும் ஒருநாள் 1 கோடி மைலை எட்டுகிறது. விமானத் தலைவரே அருகில் வந்தமர்ந்து, சொந்த ஊர் எதுவென வினவுகிறார். இந்த விமானமே தம் ஊர் என்னும் பொருள்பட விடையிறுக்கிறார் அவர். பாராட்டு உண்டு; அதைப் பகிர்ந்துகொள்ள அருகில் ஒருவரும் இலர்.

அன்பர்களே, நாம் வந்தது பிழைப்பிற்காக. ஊரை மறப்பதற்காக அன்று. வருகிற தைப்பொங்கலுக்கு விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டோம். இம்முறை சன்னலுக்கு வெளியே நின்று எமக்கும் ஒரு சீட்டு வாங்குவோம்.