எறும்புக் கடி

நம்மவர் வீடுகளில் குழந்தை உணவு உண்ண மறுத்தால் என்ன சொல்கிறோம்? “டாக்டர் மாமாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்” என்கிறோம். அதே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, டாக்டர் உண்மையாகவே ஊசியைக் கையில் எடுத்துவிட்டால், “ஒன்றுமில்லை கண்ணே, எறும்பு கடித்தாற்போல்தான் இருக்கும்” என்கிறோம். நேற்று வரை தண்டனையாக இருந்தது இன்று எறும்புக் கடியாக மாறியது எவ்வாறு என்று எந்தக் குழந்தையும் நம்மைக் கேட்பதில்லை. ஆயினும் இரண்டு சொற்களையும் அது மனத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. இந்த உண்மையை நான் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் எவருக்கேனும் இது பயன்படலாம் என்பதால் எழுதத் துணிகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தில்லியில் பிறந்து, மயூர் விஹாரில் வளர்ந்தவள். ஓராண்டுக் காலமாக அவளுக்கு அடிக்கடி வயிற்று வலியும் வயிற்றுப் போக்கும் இருந்தன. எடை ஏறவில்லை; உயரமும் நின்றுவிட்டது. முதலில் குடற்புழு என்றார்கள். பிறகு குடலில் காசநோயோ என்று ஐயுற்றார்கள். 2022ஆம் ஆண்டின் இறுதியில், குடலைக் குழாய் வழியே நோக்கி, சிறு தசைத் துணுக்கெடுத்துச் சோதித்த பிறகே குரோன் நோய் என்று முடிவாயிற்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கிப் புண்ணாக்கும் நீடித்த நோய் இது. 1932ஆம் ஆண்டில் பர்ரில் குரோன் என்ற நியூயார்க் டாக்டரும் அவருடைய தோழர் இருவரும் விவரித்து எழுதியதால் இப்பெயர் பெற்றது.

தொடக்க மருந்துகளுக்கு நோய் அடங்காமையால், இன்ஃப்ளிக்சிமாப் என்னும் மருந்தை ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். அது புரத மருந்து. வாய் வழியே கொடுத்தால் வயிறு அதைச் சீரணித்துவிடும். ஆகவே, நாம் பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்கிறோமே, அந்த இரத்த நாளத்தின் வழியாகத் துளித் துளியாக இரண்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். முதல் முறைக்குப் பின் 2ஆம் வாரம், 6ஆம் வாரம், அப்பால் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை என்பது கணக்கு. அம்மருந்தை உருவாக்குவதில் பெரும் பங்கு கொண்ட யான் வில்செக் என்பவர், 1964ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறியவர் என்று பின்னர் அறிந்தேன். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த எனக்கு அச்செய்தி ஏனோ ஓர் ஆறுதலைத் தந்தது.

நிற்க. 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தில்லிக் குளிர் எலும்பைத் துளைத்த ஒரு காலைப் பொழுதில், முதல் முறையாக மருந்து ஏற்றச் சென்றோம். அதற்கு முன்பே இரத்தச் சோதனை, காசநோய்ச் சோதனை என்று பல முறை அவளை ஊசியால் குத்தியிருந்தார்கள். கட்டிலைக் கண்டதும் அவள் கதவை நோக்கி ஓடினாள். “எறும்பு கடித்தாற்போல்தான் இருக்கும்” என்று நான் தமிழில் சொன்னேன். “பஸ், சீன்ட்டீ காட்டேகீ” என்று அங்கிருந்த பணியாளர் இந்தியில் சொன்னார். இரு மொழிகளிலும் ஒரே பொய்! நால்வர் பிடித்துக்கொள்ள, மூன்று முறை குத்திய பின்னரே நாளம் அகப்பட்டது. இரண்டு மணி நேரமும் அவள் கையை மரக்கட்டைபோல் விறைப்பாக நீட்டி வைத்திருந்தாள். வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்: “அப்பா, எறும்பு இப்படிக் கடிக்காது.”

இரண்டாம் முறை அதனினும் கொடியது. பணியாளர் போதவில்லை என்று அவளுடைய தோள்களை நானே அழுத்திப் பிடித்தேன். என் கைகளுக்கடியில் அவளுடைய சிறிய உடல் துடித்ததை இன்றும் மறக்க இயலவில்லை. அன்றிரவு அவளருகே படுக்கச் சென்றபோது, “என்னைப் பிடித்தது யார் என்று எனக்குத் தெரியும்” என்று சொல்லிச் சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எங்களை உண்மையில் நடுங்கச் செய்தது. வயிறு வலித்தால் சொல்வதையே அவள் நிறுத்திவிட்டாள். சொன்னால் ஊசி என்பது அவளுடைய கணக்கு. ஒரு நாள் நள்ளிரவில், குளியலறை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் ஓசையின்றி அழுதுகொண்டிருந்ததை என் தாயார் கண்டார். நோயைக் காட்டிலும் நோயை மறைப்பது பெருந்தீங்கல்லவா?

“சில மாதங்கள் நிறுத்தி வைக்கலாமா?” என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். இம்மருந்தைத் தவணை தவறிக் கொடுத்தால், உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி அதற்கே எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்ளலாம். பிறகு மருந்து பலன் தராமற் போவதோடு, ஏற்றும்போது ஒவ்வாமையும் நேரலாம். “நிறுத்தக் கூடாது. ஆனால் இப்படியே தொடரவும் கூடாது. ஊசி இல்லாத ஒரு நாளில் குழந்தையை அழைத்து வாருங்கள், எங்கள் சிஸ்டரிடம் பேசட்டும்” என்றார்.

அந்தச் சிஸ்டர் கோட்டயத்துக்காரர். பல ஆண்டுகளாகத் தில்லியில் பணி புரிபவர். மலையாளம் கலந்த தமிழில், “மோளே, உனக்கு எதைக் கண்டு பயம்?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாயிற்று. அக்கேள்வியை நாங்கள் ஒருவரும் அதுவரை அவளிடம் கேட்டதில்லை. நெடு நேரம் கழித்து அவள் சொன்னாள்: “குத்துவது மட்டும் இல்லை. அந்த ஊசி இரண்டு மணி நேரம் கைக்குள்ளேயே இருக்கிறதே! அசைத்தால் உள்ளே கிழித்துவிடும்.”

சிஸ்டர் உறையிலிருந்து ஒரு புதிய கேனுலாவை எடுத்தார். நாளத்தில் பொருத்தும் சிறு கருவிக்கு அதுவே பெயர். அதன் உள்ளே எஃகு ஊசி. ஊசியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ஊசி வழி காட்டுகிறது. குழாய் நாளத்துக்குள் நுழைந்ததும் ஊசியை வெளியே இழுத்துவிடுகிறார்கள். கையில் தங்குவது குழாய் மட்டுமே. சிஸ்டர் ஊசியை உருவி அதற்குரிய பெட்டியில் போட்டுவிட்டுக் குழாயை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை வளைத்தாள், வளைந்தது. கன்னத்தில் தடவிப் பார்த்தாள். “இவ்வளவுதானா உள்ளே இருக்கிறது?” என்றாள். உண்மையைச் சொல்லப் போனால், நாற்பத்திரண்டு வயதான எனக்கும் அது அன்று வரை தெரியாது.

“வலிக்குமா?” என்று அடுத்த கேள்வி. நான் வழக்கம்போல் வாய் திறக்குமுன் சிஸ்டர் சொன்னார்: “சில குழந்தைகள் கிள்ளுவது போல இருக்கிறது என்பார்கள். சிலர் அழுத்துவது போல என்பார்கள். சிலருக்கு நன்றாக வலிக்கும். உனக்கு எப்படி இருந்தது என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.”

மூன்றாம் தவணைக்கு முன்பு அவர் எங்களுக்குச் சில முறைகளைக் கற்பித்தார். தோலை மரத்துப் போகச் செய்யும் களிம்பொன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். லிடோகெயின், பிரிலோகெயின் என்ற இரு மருந்துகளும் நூற்றுக்கு 2.5 பங்கு வீதம் கலந்தது. அதை இரு கைகளிலும், டாக்டர் காட்டிய இடத்தில், சொன்ன அளவில் இட்டு, மேலே ஒளி புகும் மெல்லிய ஒட்டுறையால் மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை சேர ஆகும் நேரமும் அதுவே. தில்லிப் போக்குவரத்து நெரிசலுக்கு நான் நன்றி சொன்னது வாழ்நாளில் அப்போதுதான்! களிம்பு இட்ட இடம் வெளுத்துக் காணப்படும்; துடைத்துவிட்டுச் சற்றே பொறுத்தால் நாளம் தெளிவாகத் தெரியும்.

அச்சத்துக்கும் நாளத்துக்கும் ஒரு தொடர்புண்டு. அச்சத்தாலும் குளிராலும் தோலருகே உள்ள இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. சுருங்கினால் ஊசிக்கு அகப்படா. அகப்படாவிட்டால் பல முறை குத்த நேரும். அதனால் அச்சம் மேலும் பெருகும். இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும். ஆகவே, புறப்படுமுன் போதிய தண்ணீர் பருகச் செய்தோம். வழியெல்லாம் கையுறை அணிவித்தோம். மருத்துவமனையில் இளஞ்சூடான துணியைக் கையில் சுற்றினோம்.

இனி அவளைக் கிடத்தி அழுத்துவதில்லை என்று முடிவு செய்தோம். மல்லாக்கக் கிடத்திப் பிடிப்பது எந்தக் குழந்தைக்கும் திகிலூட்டும். என் மடியில் நிமிர்ந்து உட்கார்வது, என் கை அவளை அணைத்திருப்பது என்று ஏற்பாடு. எந்தக் கை என்பதை அவளே சொல்வாள். பார்ப்பதா வேண்டாமா என்பதும் அவள் விருப்பம். இரண்டு முறைக்கு மேல் ஒருவரே முயல்வதில்லை. மருந்து ஏற்றுவதா வேண்டாமா என்பது மட்டும் அவள் முடிவுக்கு உட்பட்டதன்று. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டோம்.

என் தாயாரும் தம் பங்கைச் செய்தார். எங்கள் மகளுக்கு இந்தி எண்கள் நுனிநாக்கில் நிற்கும். தமிழ் எண்கள் இருபதைத் தாண்டினால் தடுமாறும். ஐம்பதிலிருந்து பின்னோக்கித் தமிழில் எண்ணப் பாட்டி பயிற்சி கொடுத்தார். “நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு” என்று தேடித் தேடிச் சொல்வதிலேயே அவள் கருத்து முழுவதும் சென்றுவிடும். மேலும், “ஊசி போடச் சொல்லுவேன் என்ற பேச்சை இந்த வீட்டில் இனி நான் எடுக்க மாட்டேன். எனக்குப் பூச்சாண்டி ஒருவன் போதும்” என்று அறிவித்தார். அவளும் நெடு நாட்களுக்குப் பின் சிரித்தாள்.

மூன்றாம் முறை எல்லாம் செவ்வையாக நடந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அவ்வாறு நடக்கவில்லை. அவள் முப்பத்தாறு வரை எண்ணி வந்தபோது, நாளம் நழுவி முதல் குத்து வீணாயிற்று. என் நெஞ்சு உறைந்தது. சிஸ்டர் உடனே, “இது சரியாகவில்லை மோளே. உன் மேல் தவறில்லை. சற்று ஓய்வெடுத்து மறு கையைப் பார்ப்போமா?” என்றார். மகள் அழுதாள். அழட்டும் என்று விட்டோம். ஐந்து நிமிடங்களுக்குப் பின், யாரும் கேளாமலே, இடக் கையை நீட்டினாள். அம்முறை பதிந்துவிட்டது. ஊசி வெளியே வருவதை அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள். விறைத்துக் கிடந்த கை அசைந்ததைக் கண்டு என் மனைவி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வலிக்கு மதிப்பெண் இட ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம். வலியின்மைக்கு 0, தாங்க முடியாததற்கு 10. அன்று அவள் எழுதியது: “முதல் கை 6. இரண்டாவது கை 3. அழுதேன். ஆனால் கையை இழுக்கவில்லை.”

அழாத குழந்தையைத்தான் ‘தைரியசாலி’ என்று புகழ்கிறோம். அழுதுகொண்டே கையை நீட்டும் குழந்தைக்கு என்ன பெயர் இடுவது? அன்று முதல் எங்கள் வீட்டில் “அழாதே” என்ற சொல்லும் வழக்கொழிந்தது.

2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், தடுப்பூசி போடும்போது வலியைக் குறைப்பது பற்றி வெளியிட்ட அறிக்கையில், பொய்யான தேறுதல் மொழிகளைத் தவிர்க்க வேண்டும் என்றே கூறியிருக்கிறது. குழந்தையை உட்கார்த்தி வைத்துப் போடுவதையும், பெற்றோர் உடனிருப்பதையும் அது பரிந்துரைக்கிறது. இவை பெரும் பொருட்செலவு வேண்டும் செயல்களல்ல. எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் பெற்றோர் பணிவாகக் கேட்டுப் பெறக்கூடியவை. ஒன்று மட்டும் குறிப்பிட வேண்டும்: ஊசியையோ இரத்தத்தையோ கண்டு மயங்கி விழும் இயல்புடையோர் சிலர் உண்டு. அவர்களை உட்கார வைப்பதினும் படுக்க வைப்பதே நன்று; அதை முன்னரே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

2024ஆம் ஆண்டு ஜூலையில் பன்னிரண்டாம் முறையாகச் சென்றோம். தொடங்கும்போது அவள் எடை 20 கிலோ. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், 100 மில்லிகிராம் அடங்கிய குப்பி ஒன்றே போதுமானதாக இருந்தது. இப்போது அவள் 28 கிலோ. இரண்டாவது குப்பியையும் திறக்க வேண்டியிருக்கிறது. செலவு கூடியதற்காக ஒரு குடும்பத் தலைவன் இவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டான்.

அன்று அடுத்த கட்டிலில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு அலறினான். “சீன்ட்டீ காட்டேகீ, பேட்டா” என்று அத்தாய் கெஞ்சினார். எங்கள் மகள் தன் நாற்காலியிலிருந்து இந்தியில் சொன்னாள்: “எறும்பு இல்லை, தம்பி. கொஞ்சம் வலிக்கும். பிறகு ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே இந்தக் குழாய் மட்டும்தான் இருக்கும். பார்க்கிறாயா?” மருந்து ஏறிக்கொண்டிருந்த தன் கையை அவன் பக்கம் நீட்டி விரல்களை ஆட்டிக் காண்பித்தாள்.

அவன் அழுகை நிற்கவில்லை. ஆனால் சேலையை விட்டுவிட்டு, ஓரடி முன்னால் வந்து அந்தக் கையை உற்றுப் பார்த்தான்.