தலைகீழாக ஆறும் கேக்

ஒரே ஒரு கேக்குக்கு 12 முட்டை என்றால் யாராக இருந்தாலும் முதலில் "அடேங்கப்பா" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டிலும் மஞ்சள்கருவைப் பிரித்து ஓரமாக வைத்துவிட வேண்டும் என்றால்? வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது, பால் கிடையாது. பேக்கிங் பவுடர், சோடா எதுவும் கிடையாது. வெள்ளைக்கரு, சர்க்கரை, மாவு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா, அப்புறம் க்ரீம் ஆஃப் டார்டார் என்று ஒரு புளிப்புப் பொடி. ஏஞ்சல் ஃபுட் கேக் என்பது இவ்வளவுதான். அமெரிக்காவின் சொந்தச் சரக்கு. தேவதைகள் சாப்பிடலாம் போல வெள்ளையாக, லேசாக இருப்பதால் இந்தப் பெயராம். (தேவதைகளுக்குக் கொலஸ்ட்ரால் பயம் போலிருக்கிறது!)

காமர்ஸ் கண்ணால் பார்த்தால் இது சுத்த நஷ்ட வியாபாரம். பறவைக் காய்ச்சலில் கோழிகள் கொத்துக் கொத்தாகப் போன 2025 மார்ச்சில், அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர் வரை போனது. அதே கடையில், அடுத்த வரிசையில், ஏஞ்சல் ஃபுட் மிக்ஸ் டப்பாவில் இருக்கிறது. வெள்ளைக்கருவைக் காயவைத்துப் பொடியாக்கி உள்ளேயே போட்டுவிட்டார்கள். தண்ணீர் ஊற்றி, அடித்து, ஓவனில் வைத்தால் முடிந்தது வேலை. ஒரு முட்டைகூட உடைக்க வேண்டாம். இருந்தும் சிலர் வீட்டில் டஜன் முட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஏன் என்பது செய்து பார்த்தால்தான் புரியும் ரகம்.

முதல் கண்டம், பிரிப்பது. முட்டை ஜில்லென்று இருக்கும்போது பிரித்தால் மஞ்சள்கரு உடையாது. ஆனால் அடிக்கும்போது வெள்ளைக்கரு ஜில்லென்று இருக்கக்கூடாது, கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டும். பழகியவர்கள் ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பிரித்து, சரியாக வந்திருந்தால் மட்டும் பெரிய பாத்திரத்தில் சேர்ப்பார்கள். பதினோரு முட்டை ஒழுங்காக வந்து, பன்னிரண்டாவதில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தால்? மொத்தமும் கெட்டது. மஞ்சள்கருவில் கொழுப்பு இருக்கிறது, கொழுப்பு நுரைக்கு எமன். அதனாலேயே பிளாஸ்டிக் பாத்திரத்தில் அடிக்க வேண்டாம் என்பார்கள். எத்தனை தடவை கழுவினாலும் அதில் பழைய எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெள்ளைக்கருவில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர், 10 சதவீதம் புரதம். அடிக்க அடிக்க, சுருண்டு கிடந்த புரத இழைகள் பிரிந்து, உள்ளே போகும் காற்றுக் குமிழிகளைச் சுற்றி ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. கைகோத்தல் அளவோடு இருக்கும்வரை நல்லது. இறுக்கிப் பிடித்தால் நுரை திரிந்து தண்ணீர் விட்டுவிடும். க்ரீம் ஆஃப் டார்டார் வேலை செய்வது இங்கேதான். ஒயின் பீப்பாய்களின் உள்பக்கம் படியும் உப்பைச் சுத்தம் செய்து எடுப்பது அது. அதன் புளிப்பு, புரதங்களை ரொம்ப இறுக விடாது. கேக் பளிச்சென்று வெள்ளையாக வருவதற்கும் அந்தப் புளிப்பு ஒரு காரணம்.

ஒன்றரை கப் வெள்ளைக்கருவுக்கு ஒன்றரை கப் சர்க்கரை, அதாவது 300 கிராம். மாவு 100 கிராம் போல, அவ்வளவுதான். சர்க்கரையில் பாதியை மாவோடு சேர்த்து மூன்று தடவையாவது சலிக்க வேண்டும். மீதியை, நுரை வெளுக்க ஆரம்பித்ததும் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு அடிக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதுதான் சூட்சுமம். அடிக்கும் கம்பியைத் தூக்கினால் நுரையின் நுனி கொக்கி மாதிரி லேசாக வளைய வேண்டும். குத்திட்டு நின்றால் லேட். ஓவன் சூட்டில் குமிழிக்குள் இருக்கும் காற்று விரியும்போது கூடவே நீள்வதற்கு நுரையில் இடம் வேண்டாமா? எல்லாவற்றையும் இங்கேயே தீர்த்துவிட்டால் உள்ளே போய் உயர்வது எப்படி? மின்சார பீட்டரில் இந்த வித்தியாசம் ஒரு நிமிஷத்துக்குள் வந்து போய்விடும். போன் எடுக்கப் போனால் போச்சு :)

இதையெல்லாம் மின்சாரம் இல்லாத காலத்தில் கையால் அடித்ததை நினைத்துப் பாருங்கள். குச்சிக் கட்டோ முள்கரண்டியோ வைத்துக்கொண்டு, தோள் கழன்று விழும்வரை. அமெரிக்கத் தெற்குப் பகுதியின் பெரிய வீடுகளில் விருந்துக்கு ஸ்பாஞ்ச் கேக் வந்தது என்றால், சமையல்கட்டில் யாரோ ஒரு அடிமைப் பெண்ணின் கை வலித்தது என்று அர்த்தம். 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. 1870-ல் டர்னர் வில்லியம்ஸ் என்பவர், கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு சக்கரம் எதிரெதிராகச் சுழலும் முட்டை அடிப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். ஏஞ்சல் கேக் குறிப்புகள் அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் பரவலாக வர ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். ஓசியில் கை கிடைக்காமல் போனதும் இரும்புக்கை வந்தது, கூடவே கேக்கும் வந்தது. லேசான கேக், கனமான பழைய பாக்கி.

சரி, சமையல்கட்டுக்குத் திரும்புவோம். நுரையின் மேல் மாவை மூன்று நான்கு தவணையாகத் தூவி, அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்க வேண்டும். கிண்டக்கூடாது. நடுவில் குழல் வைத்த வட்ட டின் தேவை. இதற்கு வெண்ணெய் தடவவே கூடாது. மற்ற எல்லா கேக்குக்கும் தடவிப் பழகிய கை இங்கேயும் தன்னையறியாமல் தடவப் போகும், ஜாக்கிரதை! புடலங்கொடிக்குப் பந்தல் மாதிரி இந்தக் கேக்குக்கு டின்னின் சுவர். பிடித்துத்தான் ஏறும். வழுக்கினால் ஏறாது. ஒட்டாத பூச்சு போட்ட டின்னும் அதனாலேயே ஆகாது. நடுக்குழலும் அலங்காரம் இல்லை. சூடு உள்ளே வரை போகவும், ஏறுவதற்கு இன்னொரு சுவராகவும் அது வேண்டும். 175 டிகிரி செல்சியஸில் 35, 40 நிமிடம்.

வெளியே எடுத்த கையோடு டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுக்குழலை ஒரு கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தில் சொருகி நிறுத்திவிடுவார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். சூடாக இருக்கும்வரை உள்ளே எலும்பு என்று ஒன்றும் இல்லை. நிமிர்த்தி வைத்தால் தன் கனத்திலேயே அமுங்கிப்போகும். தொங்கவிட்டால் அதே கனம் அதை இழுத்துப் பிடிக்கிறது. ஒன்றரை மணி நேரம் தொங்க வேண்டும். டின்னுக்கு வெண்ணெய் தடவிய புண்ணியவான் வீட்டில் பத்தாவது நிமிஷமே "தொப்". அதன் மேல் க்ரீம் தடவி யாரும் சமாளிக்க முடியாது. கீழே கிடப்பது கேக் இல்லை, ஈர ஸ்பாஞ்ச்.

நின்றுவிட்டால் ரம்பப் பல் கத்தியால் அறுத்து, ஸ்ட்ராபெர்ரி வைத்துச் சாப்பிடுவார்கள். அழுத்திப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும், விட்டால் மெல்ல எழும்பும்.

மிச்சம் பன்னிரண்டு மஞ்சள்கரு. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஹாரி பேக்கர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். 1927-ல் மஞ்சள்கருவையும் எண்ணெயையும் சேர்த்தே இதே போல லேசாக வரும் ஷிஃபான் கேக்கைச் செய்தார். செய்முறையை யாரிடமும் மூச்சுவிடாமல் இருபது வருஷம் வைத்திருந்து, 1947-ல் ஜெனரல் மில்ஸ் கம்பெனிக்கு விற்றார். ரகசியத்துக்கும் பேலன்ஸ் ஷீட்டில் இடம் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏஞ்சல் கேக்கையே செய்வேன் என்கிறவர்கள், மஞ்சள்கருவின் மேல் காயாமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். இரண்டு நாள் தாங்கும். அதற்குள் கஸ்டர்டோ, வெண்ணெய் போட்ட மஞ்சள் கேக்கோ செய்தாக வேண்டும். இந்த முறை டின்னுக்குத் தாராளமாக வெண்ணெய் தடவலாம்.